திரட்டில் விட்டுப்போன வரி

"பெரியவங்க சொல்லியிருக்காங்க" என்று யாராவது ஆரம்பித்தால் போதும், சின்ன வயதிலிருந்தே எனக்குச் சுர்ரென்று ஏறும். எந்தப் பெரியவங்க? எப்போ சொன்னாங்க? நீங்க உங்க காதால கேட்டீங்களா? இப்படிக் கேட்டுக் கேட்டுத் தலையில் வாங்கிய குட்டுக்குக் கணக்கே கிடையாது. காஞ்சிபுரத்தில் பட்டு நெய்கிற சைவக் குடும்பம் எங்களுடையது. எங்கள் தெருவில் பெரியவர்கள் சொல்லாமல் விட்ட விஷயம் என்று ஒன்று இருந்ததாக எனக்கு நினைவில்லை.

அந்தக் குணம்தான் நாற்பது வயதுக்கு மேல் என்னை முனைவர் பட்ட ஆய்வில் கொண்டுபோய் மாட்டியது. நான் ஒரு கல்லூரியில் வரலாறு நடத்துகிறேன். ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட ஆள், ஐரோப்பாவில் மத்திய காலம் முடியப்போகிற நேரத்தில் வாழ்ந்த ஒரு கத்தோலிக்கப் பண்டிதர். அவர் எழுதியதில் பக்கத்துக்குப் பக்கம் முன்னோர் மேற்கோள்தான். முன்னோர் என்றால் அவருக்கே ஆயிரம் வருஷம் முந்தியவர்கள், திருச்சபையின் முதல் சில நூற்றாண்டுகளில் இருந்த, ஆயர் எனப்படும் பிஷப்புகளும் துறவிகளும். அச்சு இன்னும் வராத காலம். ஒரு புத்தகம் வேண்டுமென்றால் யாராவது உட்கார்ந்து கையால் எழுதித் தர வேண்டும். அப்படியிருக்க இந்த மனுஷர் இத்தனை பேரையும் நிஜமாகவே படித்தாரா, இல்லை நம் தெருக்காரர்கள் மாதிரி சும்மா அடித்துவிட்டாரா? எனக்கு அது தெரிந்தாக வேண்டும்.

"நம்ம ஊர்ல சாமிக்கா பஞ்சம்? எவரோ பாதிரியாரைப் புடிச்சிக்கினு தொங்குறியேக்கா" என்பான் தறி பார்த்துக்கொள்கிற தம்பி. அம்மா மட்டும் அந்தப் பண்டிதரை மாடியில் குடியிருப்பவர் மாதிரி விசாரிப்பாள். "இன்னாடி, இன்னிக்கு உன் பண்டிதரு இன்னா சொன்னாரு?"

மூல நூல்களை முழுசாகப் படித்தவர் அவர். இதுதான் என் ஆய்வின் முதுகெலும்பு. நாலாவது இயல் முழுக்க அதைத்தான் எழுதி வைத்திருந்தேன். அது நின்றால் பட்டம். விழுந்தால் இத்தனை வருஷ உழைப்பும் பாழ், கல்லூரியில் எதிர்பார்த்திருந்த பதவி உயர்வும் போச்சு. கேட்டு வாங்கிய நீட்டிப்பும் முடியப்போகிற நேரம்.

ஒரு நாள் சாயங்காலம் அம்மா பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். வழக்கம்போல விசாரித்தாள். பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மாருக்குப் பண்டிதர் எழுதிய ஆறுதல் உரையை அன்றைக்குப் பார்த்திருந்தேன். ஆதிக்கால ஆயர் ஒருவரின் சொல்லை மேற்கோள் காட்டி, நம்பிக்கை உள்ளவள் செத்த குழந்தைக்காக அழக் கூடாது என்கிறார் என்றேன்.

அம்மாவின் கை நின்றது. "அழவே கூடாதாமா?"

"அப்படித்தான் போட்டிருக்கார்."

"இவரு சொன்னாரா, அந்தப் பழைய சாமியாரு சொன்னாரா?"

"பழையவர்தாம்மா."

அவள் மறுபடி பூண்டை உரிக்க ஆரம்பித்தாள். எனக்கு முன்னால் பிறந்து மூன்று வயதில் காய்ச்சலில் போய்விட்ட அண்ணன் ஒருவன் உண்டு. ஒரு படம்கூடக் கிடையாது. அவனைப் பற்றி வீட்டில் யாரும் வாய் திறந்ததில்லை. அந்தச் சாயங்காலத்துக்குப் பிறகு நடு நடுவே, சம்பந்தமே இல்லாமல் அம்மா கேட்பாள். "அந்தச் சாமியாரு மெய்யாலுமே அப்படியா சொன்னாரு?" எனக்கு இருந்த அவசரத்தில் "ஆமாம்மா, ஆமாம்" என்று தள்ளிவிடுவேன்.

இதற்கிடையில் வந்தது அன்னத்தின் கால் வம்பு. திருப்புட்குழியிலிருந்து ஒரு அம்மா, மகளுடைய கல்யாணப் புடவையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். கரையில் ஒன்றன் பின் ஒன்றாக ஜோடி ஜோடியாக அன்னம் போகும். முன்னால் போகிற அன்னத்துக்கு இரண்டு கால், பின்னால் வருவதற்கு ஒன்றுதான். கரை நெடுக அப்படியே.

"அது பழைய காலத்து டிசைன்மா, அப்படித்தான் இருக்கும்" என்று சமாளித்தான் தம்பி.

"ஏம்பா, பழைய காலத்துல அன்னம் நொண்டிக்கினா இருந்துச்சு?" என்றார் அந்த அம்மா.

தம்பிக்கு ரோஷம் வந்துவிட்டது. பக்கத்து வீட்டுத் தறியில் போய்ப் பார்த்தான். அங்கேயும் நொண்டி. ஐயம்பேட்டையில் இருக்கிற பெரியப்பா மகனை அவன் தறியில் ஓடும் கரையைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னான். அதுவும் நொண்டி. விஷயம் இதுதான். பூ வேலைக்குத் தறியின் மேலே ஓட்டை போட்ட அட்டைகள் வரிசையாகச் சுற்றும். ஓட்டை எங்கே இருக்கிறதோ அந்த இழை மேலே எழும்பும். யாரோ ஒரு புண்ணியவான் முதல் அட்டையில் சில ஓட்டைகளை விட்டுவிட்டார். அதைப் பார்த்து அடுத்தவர், அவரைப் பார்த்து இன்னொருவர் என்று நகல் எடுத்திருக்கிறார்கள். அந்த டிசைன் பிறந்த கோயில் தூணில் இருக்கிற அன்னத்தைப் போய் யாரும் பார்க்கவில்லை. "ஊரே நொண்டி அன்னத்தை நெய்துக்கினு இருந்திருக்குதுக்கா!" என்று தம்பி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான்.

நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே என் நாலாவது இயல் ஞாபகம் வந்தது. பண்டிதரின் காலத்தில் மடங்களில் திரட்டுகள் உண்டு. கோபம், நோன்பு, சாவு என்று தலைப்புப் போட்டு, ஒவ்வொன்றின் கீழும் முன்னோர் வாக்குகளைத் துண்டு துண்டாகத் தொகுத்து வைத்திருப்பார்கள். இவரும் மூலத்தைத் தொடாமல் அதைப் பார்த்து எழுதியிருந்தால், அதில் இருக்கிற பிழை இவரிடமும் இருக்குமே!

அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். நோன்பைப் பற்றிய ஒரு மேற்கோளை எடுத்து, மூல நூலோடும் அந்தக் காலத்துத் திரட்டு ஒன்றோடும் ஒப்பிட்டேன். திரட்டை எழுதியவர் கண் தவறி ஒரு வரியைத் தாண்டிப் போயிருந்தார். அதனால் வாக்கியம் தலையும் இல்லாமல் வாலும் இல்லாமல் நின்றது. பண்டிதரின் நூலிலும் அதே வரி இல்லை. அதைவிட அநியாயம், அர்த்தமே இல்லாத அந்த வாக்கியத்துக்கு அரைப் பக்கம் ஆழமான விளக்கம் வேறு எழுதியிருந்தார் மனுஷர்! இன்னொன்றை எடுத்தேன், இன்னொன்றை எடுத்தேன். எல்லாம் அதே கதை.

"ஏமாத்துக்காரா!" என்று கத்திவிட்டேன். அம்மா எட்டிப் பார்த்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"பாவம்டி. புஸ்தகம் கெடைச்சிருக்காது. கெடைச்சத வெச்சு சொல்லியிருப்பாரு" என்றாள்.

எனக்கு அழுகையாக வந்தது. சென்னையில் இருக்கிற என் நெறியாளருக்குப் போன் போட்டேன். என் வயதுக்காரர்தான், ஆனால் பேச்சில் ஒரு ஈவிரக்கம் கிடையாது.

"நாலாவது இயல் விழுந்துடுச்சு மேடம். அவர் ஒண்ணையும் முழுசாப் படிக்கல."

"வயசான காலத்துல பிரசங்கம் எழுதியிருக்காரே, அதைப் பாத்தீங்களா?"

"அதே சரக்குதான் மேடம் இருக்கும்."

"பாக்காமலே சொல்றீங்க. நல்ல ஆராய்ச்சி" என்று வைத்துவிட்டார்.

சூடு பட்ட மாதிரி இருந்தது. வீம்புக்குத்தான் அந்தப் பிரசங்கங்களை எடுத்தேன். இணையத்தில் கையெழுத்துப் பிரதிகளின் படங்களாகவே கிடைத்தன. லத்தீன் எனக்குத் தட்டுத் தடுமாறித்தான் வரும். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு நாள் நாளாக ஊர்ந்தேன். சாவைப் பற்றிய ஒரு பிரசங்கத்தில் பிள்ளையை இழந்த தாய் மறுபடி வந்தாள். அழக் கூடாது என்ற அதே ஆயர் வாக்கும் வந்தது. ஆனால் இந்தத் தடவை அது அங்கே நிற்கவில்லை, மேலே போனது. திரட்டில் இல்லாத வரிகள்! அந்த ஆயரின் மூல உரையைத் தேடிப் பிடித்து வைத்துப் பார்த்தேன். சொல்லுக்குச் சொல் ஒன்றாக இருந்தது.

"அம்மா! படிச்சிருக்கார்மா! கடைசியில முழுசாப் படிச்சிருக்கார்!" என்று சமையலறைக்கு ஓடினேன். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"எத்த?"

"அந்த அழக் கூடாதுங்கிற உரையை. பழையவர் அதைச் சொன்னது எல்லாருக்கும் இல்லையாம்மா. கூலிக்கு ஆள் வெச்சு மாரடிச்சு ஊருக்குக் காட்டுறாங்களே, அவங்களுக்காம். உள்ளபடியே பறிகொடுத்தவ அழட்டும், அந்தக் கண்ணீர் நம்பிக்கைக்குக் குறைச்சல் இல்லைன்னு அடுத்த வரியிலேயே சொல்லியிருக்கார். திரட்டுல அதை வெட்டிட்டாங்க."

"இவரு இன்னா சொல்றாரு?"

அதற்குக் கீழே பண்டிதர் எழுதியிருந்ததையும் சொன்னேன். எத்தனையோ வீடுகளுக்குப் போய், எத்தனையோ தாய்மாருக்கு அந்தப் பாதியை மட்டும் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அவர்களில் பலர் இப்போது உயிரோடு இல்லை. மீதிப் பாதியை யாரிடம் கொண்டுபோய்ச் சொல்வது என்று தெரியவில்லை என்கிறார். சொல்லச் சொல்ல என் குரல் தானாக இறங்கிவிட்டது. இந்த வரிகளுக்காகத்தானே ஒரு நிமிஷம் முன்னால் குதித்தேன் என்று எனக்கே வெட்கமாகிவிட்டது.

"அழலாம்னுதான் சொன்னாரா அந்தப் பழையவரு?"

"ஆமாம்மா. நானே மூலத்தைப் பார்த்தேன்."

அம்மா பாத்திரத்தைக் கீழே வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்தாள். துடைத்த கையையே மறுபடி மறுபடி துடைத்தாள்.

"உங்கப்பாவோட அத்தை, புள்ளைய எடுக்கறதுக்கு முன்னாடியே சொல்லிட்டாங்க. நீ அழுதா அந்தத் தண்ணி ஆறா நின்னுக்கினு புள்ளைய மேல போக வுடாதுன்னு. நான் அழல. அவன் நல்லபடியா போவட்டும்னு அழாமயே இருந்துட்டேன்."

நான் அரிசிப் பாத்திரத்தை ஓரமாக நகர்த்தினேன்.

"தல நெறைய சுருட்ட முடிடி அவனுக்கு. மொட்ட அடிக்கவே எனக்கு மனசு வரல" என்றாள். அப்புறம் அழுதாள். சத்தமாக, தறியில் இருந்த தம்பி எழுந்து ஓடி வருகிற அளவுக்கு அழுதாள்.

"இன்னாமா ஆச்சு? அழாதம்மா" என்று அவன் பதறினான்.

"சும்மா இருடா, அழட்டும்" என்றேன். அம்மாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அண்ணன் பெயர் என்ன என்று கேட்டேன். எங்கள் இரண்டு பேருக்கும் அதுவரைக்கும் அது தெரியாது.