மலை ஏறாதவன் எழுதிய மலைப்பாதை

அந்த மோட்டார் பத்திரிகைக்காரனை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது. இடஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்த வாரம் அது. புதிதாக வந்த குட்டி வேனைக் கல்வராயன் மலையில் ஓட்டிப் பார்த்து எழுத வந்தவன், வழியெல்லாம் மரம் வெட்டிப் போட்டிருந்ததால் கள்ளக்குறிச்சி லாட்ஜிலேயே மாட்டிக்கொண்டான். என் வாடகைக் காருக்கும் சவாரி இல்லை. டீ வாங்கிக் கொடுத்து, மலையில் வண்டி எப்படிப் போகும் என்று கேட்டான். நானும் வாய்க்கு வந்தபடி அளந்தேன்.

"மலை மேல கரியாலூர்லேர்ந்து எறங்கசொல்ல ரெண்டாவது கியர் போதும் சார். பிரேக்கே வேணாம். வளைவுல தரையைக் கவ்விக்கினு போவும்."

நான் சொன்னது என் பழைய, கனத்த காரைப் பற்றி. அடுத்த மாதம் பத்திரிகையில் பார்த்தால், அத்தனையும் குட்டி வேனுக்குப் போயிருந்தது. அவனே ஓட்டினானாம்! அடப்பாவி, மலை அடிவாரத்தைக்கூட அவன் பார்க்கவில்லை.

சங்கராபுரத்தில் என் தங்கை புருஷன் அதைப் படித்துவிட்டு, கரியாலூருக்கு ஆள் ஏற்ற அந்த வேனையே வாங்கிவிட்டார். நான் ஓடினேன்.

"மாப்ள, அவன் மலைக்கே போவல. அது என் காரைப் பத்தி நான் சொன்னது. இந்தச் சின்ன எஞ்சின் எறக்கத்துல வண்டிய இழுத்துப் புடிக்காது. மொதல் கியர்ல எறங்குங்க."

"உங்களுக்குப் பொறாமை மச்சான். புக்குல போட்டவனுக்குத் தெரியாதது உங்களுக்கு இன்னா தெரியும்?"

பத்திரிகைக்குக் கடிதம் போட்டேன். பதிலே இல்லை, திமிர் பிடித்தவர்கள்.

சித்திரையில் மாப்பிள்ளை என் தங்கையையும் கூட்டிக்கொண்டு, வேன் நிறைய ஆளோடு கரியாலூரிலிருந்து இறங்கியிருக்கிறார். ரெண்டாவது கியர். பிரேக்கைத் தொடவில்லை. மூன்றாவது வளைவில் வேன் பள்ளத்தில் கவிழ்ந்தது. மற்றவர்களுக்குச் சிராய்ப்புதான். என் தங்கையின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் தலைக்கட்டோடு உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை சொன்னார்: "புக்குல சரியாத்தான் போட்டுருக்கான் மச்சான். எனக்குத்தான் அந்த மாதிரி ஓட்டத் தெரியல."

இத்தனைக்குப் பிறகும் அவன் சரியா! அறைய ஓங்கிவிட்டேன். தங்கை என்னையே பார்த்தாள்.

"அவரை ஏண்ணா அடிக்கிற? எத்தினி வாட்டி உன் கார்ல வந்துருக்கேன். எறக்கத்துல நீ பிரேக்லேர்ந்து காலை எடுத்ததே இல்லியே."