சித்தப்பாவின் தூய தமிழும் அம்மாவின் பாணும்

சித்தப்பா அகராதி எழுதத் தொடங்கியபின் எங்கள் வீட்டில் வாய் திறப்பதே பெரும் பாடாகிவிட்டது. தமிழ் படிப்பிக்கிற வாத்தியார். கலியாணம் கட்டாமல் எங்களோடு இருந்தார். யாராவது நாற்காலியைக் கதிரை என்றோ, கோதுமை மாவில் சுடும் வெதுப்பியைப் பாண் என்றோ சொல்லிவிட்டால் போதும், அந்தச் சொற்களை விட்டுப்போன போர்த்துக்கேயரே படலையைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டதுபோல் முகம் சிவப்பார். வன்னியின் தூய தமிழ் முழுவதும் தன் அகராதிக்குள் அடங்கும் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

அதை அச்சகத்துக்குக் கொண்டுபோவதற்கு முதல்நாள் அம்மா ஒன்றே ஒன்று கேட்டார். அம்மாவைப் பெற்றவர்கள் மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். அம்மா பிறந்தது இங்கே வன்னியில், விசுவமடுவில். நாங்கள் ‘ஓம்’ சொல்லுமிடத்தில் அவருக்கு ‘ஆமா’தான் வரும்.

“தம்பி, ‘ஆமா’வையும் போட்டிருக்கீங்களா?”

“அது தமிழ்தான் அண்ணி. ஆனா எங்கட ஆக்கள் அப்பிடிக் கதைக்கிறேல்லை. தோட்டத்துச் சொல்லு, இதுக்குள்ள வராது.”

அம்மா குசினிக்குள் போய் அடுப்பை ஊதத் தொடங்கினார்.

மறுநாள் காலை சித்தப்பா வெள்ளை வேட்டியும் பசியுமாக வந்து வெதுப்பி கேட்டார்.

“அப்படி ஒண்ணு நம்ம வீட்டுல கெடையாதுங்களே,” என்றார் அம்மா, சூடான பாணை மடியில் வைத்துக்கொண்டு. நாற்காலி கேட்டார், அதுவும் இல்லையாம். கதிரையில் அம்மாதான் இருந்தார். மிதிவண்டி கேட்டார், சைக்கிள் சாவி அம்மாவின் இடுப்பில். நானும் தங்கச்சியும் சிரித்துச் சிரித்து வயிறு நொந்துபோனோம். புளியங்குளம் சந்தியில் வவுனியா பஸ் போய்விடுமே என்று சித்தப்பாவுக்குப் பதற்றம்.

“சரி அண்ணி, பாணைத் தாங்கோ, சைக்கிளையும் தாங்கோ!”

“பாண் வேணுமா?”

“ஓம்!”

“என்னது? வேணுமா?”

“ஓமெண்டுறன், ஓம்!”

அம்மா காது கேளாதவர்போல் பாணைப் பிய்த்துத் தங்கச்சிக்கு ஊட்டினார். சித்தப்பா பாணைப் பார்த்தார், மணிக்கூட்டைப் பார்த்தார். பிறகு ஊருக்கே கேட்கும்படி கத்தினார்.

“ஆமா அண்ணி, ஆமா!”

ஐயோ, அந்தச் சிரிப்பு! கிணற்றடியில் பல் தீட்டிக்கொண்டிருந்த அப்பாவுக்குப் புரையேறியது. சித்தப்பாவும் சிரித்துவிட்டார். பாணையும் உறைப்பான மிளகாய்ச் சம்பலையும் வாயில் அடைத்தபடி பேனையை எடுத்து அந்தச் சொல்லை அகராதியில் சேர்த்தார். பக்கத்தில் ‘தோட்டத்து வழக்கு’ என்று குறிக்கப் போனவர், அம்மாவை நிமிர்ந்து பார்த்தார். ‘வன்னி வழக்கு’ என்று எழுதிக் காட்டினார்.

அம்மா அதை விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தார். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. பிறந்த மண்ணிலேயே வந்தவள் என்று பேர் வாங்கியவரின் கண்ணீர் எனக்கு அப்போது எங்கே விளங்கியது? சம்பல் கண்ணில் பட்டுவிட்டதாக்கும் என்று, தண்ணீர் எடுத்துவரக் கிணற்றடிக்கு ஓடினேன்.