தம்பி அனுப்பிய காகிதம்

நூலாலை வாசலில் அவன் பேசினால் மூன்றாவது தெருவில் பால் காய்ச்சுகிறவளுக்கும் கேட்கும். அதனால் அவனுக்குச் சங்கு என்றே பெயர். தாயில்லாப் பிள்ளையை இடுப்பில் சுமந்து ஆளாக்கியவள் அக்கா. அதே ஆலையில் நூல் சுற்றும் பிரிவில் இருபது வருஷம் நின்றே கால் வீங்கியவள்.

தொழிற்சங்கத்தில் அவன் ஒரு வழக்கம் வைத்திருந்தான். நிர்வாகம் எந்தக் காகிதம் கொடுத்தாலும் வாசலில் ஸ்டூல் போட்டு ஏறி, எழுத்துத் தெரியாதவர்களுக்காக மூன்று தடவை உரக்கப் படிப்பான். அதன் பிறகுதான் கைநாட்டு. "அவசரத்துல வச்ச ரேகை நாக்கால நக்கினாலும் அழியாது" என்பான். அந்த வாய்தான் அவனைச் சட்டசபைக்கு அனுப்பியது. தொழிலாளர் துறை மந்திரியாகவும் ஆக்கியது.

மறு வருஷம் ஆலைக்குப் புது இயந்திரம் வந்தது. பின்னாலேயே அவன் உதவியாளர் ஒரு கட்டுக் காகிதத்தோடு வந்தார்.

"அண்ணன் பாத்து அனுப்பினது. நீங்க ரேகை வச்சாப் போதும்."

நூல் சுற்றும் பிரிவில் அக்காவோடு சேர்த்து முப்பது பெண்கள். "யாராவது படிச்சுச் சொல்லட்டுமே" என்று இழுத்தாள் பஞ்சு கூட்டுகிறவள். அக்காவுக்குச் சுருக்கென்றது.

"என் தம்பி அனுப்பினதைப் படிச்சு வேற பாக்கணுமாடி? நான் சோறு ஊட்டி வளத்தவன்."

முதல் ரேகை அவளுடையது.

அது விருப்ப ஓய்வுக் கடிதம். மாதம் முடிந்ததும் காவலாளி ஒருத்தியையும் உள்ளே விடவில்லை.

அக்கா இரண்டு பஸ் மாறிப் போய், தம்பி அலுவலகத்தில் சீட்டு வாங்கி, மத்தியானம் வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

"அதுல தெளிவா எழுதியிருந்துச்சே அக்கா" என்றான். குரல் மேஜையைத் தாண்டவில்லை.

"எனக்கு எழுத்துத் தெரியாதுன்னு உனக்குத் தெரியாதாடா?"

"அந்தப் பிரிவை வச்சிருந்தா ஆலையவே மூடியிருப்பாங்க. உனக்கு மட்டும் இங்க ஒரு வேலை சொல்லி வச்சிருக்கேன். வெளியில மூச்சு விடாத."

"மூச்சு விடாம இருக்க நீ கத்துக்கிட்ட. எனக்கு வராது."

நேராகப் பஞ்சு கூட்டுகிறவள் வீட்டுக்குப் போனாள். "என் வாயாலதான் உங்க பொழைப்புப் போச்சு" என்றாள். தம்பி தருவதாகச் சொன்ன வேலையையும் மறைக்கவில்லை. நாலு வார்த்தை திட்டினால் தேவலை என்று நின்றாள்.

"போய்ச் சேந்துக்க. உனக்காவது ஒரு தம்பி இருக்கான்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள் அவள்.

இன்னும் இருபத்தெட்டு வீடு பாக்கி. அக்கா படியிறங்கி அடுத்த கதவைத் தட்டினாள்.