காரை முந்திய சக்கரம்

அம்மை வார்த்து ஒரு கண் போனபோது பிழைக்கமாட்டான் என்றார்கள், வேலு பிழைத்தான். ஒற்றைக் கண்ணுக்கு இழை பிடிபடாது என்று தறியிலிருந்து இறக்கினார்கள், ஸ்பானரைப் பிடித்தான். பள்ளிக்கூட வாசலை மிதிக்காமலே செவிலிமேட்டில் சொந்தப் பட்டறை போட்டான். கடைசியாக அவன் ஜெயித்தது எழுத்தை. அது ஒரு பழைய காரால் வந்தது.

வெள்ளைக்காரன் விட்டுப்போன அந்தக் கார் பட்டு ஜவுளிக்கடை மாணிக்கவாசகத்தினுடையது. கல்யாணப் பெண்ணான தன் மகளை அதில்தான் அழைத்து வரவேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். பின்சக்கரத்தில் சத்தம் கேட்டு, அவர் வீட்டுக் கொட்டகையில் வேலு கழற்றிப் பார்த்தான். சக்கரத்தை அச்சோடு பிடித்து வைக்கும் பூட்டு நட்டின் விளிம்பு கிழிந்திருந்தது. அந்த நட்டுக்கு மெல்லிய உதடு ஒன்று உண்டு. இறுக்கிய பின் அதை அச்சிலுள்ள பள்ளத்துக்குள் தட்டி மடக்கிவிட்டால் நட்டு திரும்பாது.

“ஒரு தபா மடக்குனதை மறுபடி மடக்கக் கூடாது மொதலாளி. பட்டணம் போய் வேற எடுத்துக்கினு வரேன்.”

“அறுந்த இழையவே முடிச்சு போட்டு நெய்யறோம். இரும்புக்கு இன்னாபா இவ்ளோ நோவு?”

வேலு பஸ் ஏறினான்.

மறுநாள் காலை அவனுடைய அக்கா தையல்நாயகி பட்டறை வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். அந்தக் கார் வந்து நின்றது. டிரைவர் ராமலிங்கம் ஓட்ட, மாணிக்கவாசகம் பின்னால் உட்கார்ந்திருந்தார்.

“ஏறும்மா. ஓரிக்கையில விட்டுப்போன ஒரு வீட்டுக்குப் பத்திரிகை வெச்சுட்டு வரலாம். உங்க சின்னம்மாவையும் பாத்தமாதிரி இருக்கும்.”

“தம்பி வந்துட்டானா?”

“அவன் வரட்டும் மெதுவா. நாங்களே மாட்டிட்டோம்.”

கார் ஆசை யாரை விட்டது? ஏறினாள்.

ஊரைத் தாண்டியதும் காரை முந்திக்கொண்டு ஒரு சக்கரம் தனியாக உருண்டு போயிற்று.

“யாருதுடா அது?” என்றார் மாணிக்கவாசகம்.

“நம்முதுதான் மொதலா…”

சொல்லி முடிப்பதற்குள் கார் பின்னால் சரிந்து சாலையை உழுதுகொண்டே போய், புளியமரத்துக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. யாருக்கும் அடியில்லை. ஆனால் கூடிய கூட்டம் முதலில் சொன்ன வார்த்தை: “ஒத்தக் கண்ணன் கைவெச்ச வண்டி. வேற எப்படி இருக்கும்?” தையல்நாயகிக்கு மரத்தில் மோதியிருந்தாலும் அவ்வளவு வலித்திருக்காது. அந்தப் பேச்சு நிலைத்துவிட்டால் தம்பியின் பட்டறையில் எவன் வண்டி விடுவான்?

சாயங்காலம் வேலு வந்து, கொட்டகைக்கு இழுத்து வந்திருந்த காரின் அச்சருகே குனிந்தான். நட்டு ஏறும் திருகு மரையிலிருந்து எதையோ சுரண்டி உள்ளங்கையில் நீட்டினான். கருகிய இழை. அரக்கு நிறம். பட்டு!

பழைய நட்டு ஆடாமல் இருக்க, மரையில் கழிவுப் பட்டைச் சுற்றி இறுக்கியிருந்தார்கள்.

“பட்டுல யானையே கட்டலாம்னு நீங்கதானே சொன்னீங்க மொதலாளி?” என்றான் ராமலிங்கம்.

மாணிக்கவாசகத்தின் முகம் வெளுத்திருந்தது. “சரிப்பா. புதுசு மட்டும் நிக்கும்னு இன்னா நிச்சயம்? நாளைக்கு என் பொண்ணு ஏறப்போற வண்டி.”

வேலு இரண்டு வகை நட்டு வாங்கி வந்திருந்தான். வகைக்கு ஒன்று உடைத்துப் பார்க்கவே கூடுதலாக வாங்கியது. பளபளத்ததன் உதட்டை உளியால் தட்டினான், நகத்துண்டுபோலத் தெறித்தது. மங்கலாக இருந்ததோ சொன்னபடி கேட்டு மடிந்தது. அந்த வகையில் இன்னொன்றை எடுத்து, விரலாலேயே மரையில் ஓட்டி, இறுக்கி, உதட்டைப் பள்ளத்தில் மடக்கினான். பிறகு வெள்ளைப் பெயிண்டில் குச்சியைத் தோய்த்து, நட்டிலிருந்து அச்சு முனைக்குக் குறுக்காக எழுதினான்: வேலு.

“இது நவுந்தா என் பேரு ரெண்டா ஒடையும். ஒடைஞ்சா பொண்ண ஏத்தாதீங்க.”

கைநாட்டு வைப்பவன்! தையல்நாயகி குனிந்து அந்த எழுத்தை மறுபடி படித்தாள்.

“எப்போடா கத்துக்கின?”

“பட்டறை போர்டுல நீ எழுதினதுதானே அக்கா? தெனம் பாத்துக்கினுதானே இருக்கேன்.”

மறுநாள் பெண்ணை மண்டபத்தில் இறக்கிவிட்டதும் மாணிக்கவாசகம் பட்டு வேட்டியோடு தரையில் குந்தி, சக்கர மூடியைக் கழற்றச் சொல்லி, அந்தப் பேரை உற்றுப் பார்த்தார். “நவுரலபா!” என்று கல்யாணக் கூட்டம் முழுக்கக் கேட்கும்படி கத்தினார்.

வேலு முதன்முதலாகத் தன் பெயரை எழுதியது அதற்கு முந்தின நாள்: 1969 ஆகஸ்ட் 21.