சாவிக்காரரின் நாலு மணி பஸ்

ஆஸ்பத்திரியில் அவருக்குச் சாவிக்காரர் என்று பெயர். கையில் சாவி ஒன்றும் கிடையாது. பரிசோதனை முடிவுகள் ஓடும் லினக்ஸ் சர்வரில் நிர்வாகி அனுமதி அவருக்கு மட்டும்தான். அது மக்கர் செய்தால் அவர்தான் ஓட வேண்டும். ஆகவே லீவு குதிரைக் கொம்பு. மனைவிக்கு வேலை தூரத்து ஊரில். மூன்று வயது மகளை ஏழு மாதமாகப் போன் திரையில்தான் பார்க்கிறார். அவளை ஒரு தரம் தூக்கிக்கொள்ள மாட்டோமா என்று மனிதருக்கு ஏக்கமோ ஏக்கம்.

ஒருவழியாகத் துணைக்கு ஒரு பெண்ணைப் போட்டார்கள். அனுமதியுள்ள ஆள் ஒருவர் இருந்தால் போகலாம் என்றார் மேலாளர். வெள்ளிக்கிழமை காலை, அவளுக்கான அனுமதி விதிகளை மைய சர்வரில் எழுதினார். அவருடையது உட்பட எல்லார் அனுமதியையும் முடிவுகள் சர்வர் அங்கிருந்துதான் நகலெடுத்து வைத்துக்கொள்ளும். மனைவியின் ஊருக்குக் கடைசி பஸ் நாலு மணிக்கு. பொம்மை பையில் ஏறிவிட்டது.

மதியம் அவள் எல்லாவற்றையும் செய்து பார்த்தாள். கடைசியாகச் சேர்த்த பிரிண்டர் அனுமதி மட்டும் வேலை செய்யவில்லை.

"சர்வர் பழைய விதியையே பிடிச்சு வச்சிருக்கு சார். திங்கட்கிழமை பாத்துக்கலாம், நீங்க கிளம்புங்க."

கிளம்பியிருக்கலாம் அல்லவா? மாட்டார். அரைகுறையாக விட்டுப் போனால் அவருக்குச் சோறு இறங்காது.

"ஒரே நிமிஷம்மா. கேஷை, அதான் அந்த நகலைத் துடைச்சா புதுசா எடுத்துக்கும்."

சேமித்திருந்த விதிகளை அடியோடு அழித்தார். அவள் முயன்றாள், அனுமதி இல்லை. அவர் முயன்றார், அவருக்கும் இல்லை! அப்போதுதான் உறைத்தது. சுவிட்ச் மாற்றுகிறோம், மைய சர்வரோடு ஆறு மணி வரை தொடர்பு இருக்காது என்று நெட்வொர்க் ஆட்கள் காலையிலேயே சொல்லியிருந்தார்கள். புதிதாக எடுக்க வழியில்லை, பழையதையும் தன் கையாலேயே துடைத்தாயிற்று. பாவி மனுஷன்!

"இப்ப யாருக்குமே அனுமதி இல்லையே, எப்படிப் போவீங்க?" என்றார் மேலாளர். நியாயம்தான்.

நாலு மணிக்கு மனைவியைத் திரையில் அழைத்தார்.

"பஸ் ஏறியாச்சா?"

"இல்ல. நானே கெடுத்துக்கிட்டேன்."

அவள் மகளிடம் திரும்பி, "அப்பா இன்னிக்கு வரலியாம் கண்ணு" என்றாள்.

குழந்தைக்கு ஒன்றும் புரியவில்லை. "இதோ இருக்காரே!" என்று போனைப் பிடுங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். திரை இருண்டது. அவளுடைய குரல் மட்டும் அவருக்குக் கேட்டது.

"அம்மா, அப்பாவுக்கு சார்ஜ் போடும்மா. இல்லன்னா போயிடுவாரு."