நடந்துகொண்டே எழுதிய பரீச்சை

1936ஆம் வருடம், மாசி மாதம். போத்தனூரில் ரயில்வே தந்தி வகுப்புக்கு ஆள் எடுக்கப் பரீச்சை வைத்தார்கள். பள்ளி முடித்த சான்றிதழ் இல்லாதவர்களும் எழுதலாம். ஆனால் இங்கிலீஷ் இலக்கணத்திலும் சொல் வழக்கிலும் ஐம்பது கேள்விக்குப் பதில் எழுதித் தேற வேண்டும். இருபத்திரண்டு வயது முடிந்தவர்களுக்கு இடமில்லை. எனக்குச் சித்திரையில் முடிகிறது. இதை விட்டால் இன்னொரு தடவை கிடையாது.

நான் மூன்றாம் பாரத்தில், அதாவது எட்டாம் வகுப்பில், பாதியில் நின்றவன். அப்புறம் எங்கும் ஒரு வருடம் சேர்ந்தாற்போல் இருந்ததில்லை. பீளமேட்டில் பஞ்சாலை, நீலகிரியில் தேயிலைத் தோட்டம், மேட்டுப்பாளையத்தில் மூட்டை தூக்கும் வேலை. கடைசியாக அன்னூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் கவலை ஓட்டினேன். கிணற்றில் சால் என்கிற தோல் வாளியை இறக்கி, மாடுகளைச் சரிவில் ஓட்டித் தண்ணீரை மேலே இழுக்கிற வேலை. மாடு இறங்கும்போது வடத்தின் மேல் உட்கார்ந்துகொள்ளலாம். மேலே ஏறும்போது மாடு முகம் திருப்பாமல் பின்னோக்கியே நடக்கும், நானும் பின்னோக்கியே நடப்பேன். விடிந்ததிலிருந்து உச்சி வெயில் வரை இதேதான்.

பழைய பேப்பர் கடையில் அட்டையில்லாத இலக்கணப் புத்தகம் ஒன்று கிடைத்தது. தினம் ஒரு பக்கத்தைக் கிழித்து, கிணற்று மேட்டுக் கல்தூணில் சோற்றால் ஒட்டினேன். மாடு இறங்கும்போது கேள்வி, ஏறும்போது பதில். இறங்கும்போது 'நோ சூனர்' என்பேன், ஏறும்போது அதோடு சேர்ந்து வர வேண்டிய 'தேன்' என்கிற இங்கிலீஷ் சொல்லைச் சொல்வேன். 'ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்' என்று இறங்கி, 'எப்போதாவது அபூர்வமாக' என்று ஏறுவேன்.

தோட்டக்காரர் வரப்பில் நின்று கேட்டார்: "ஏப்பா, இங்கிலீசுல சொன்னா மாடு இன்னுங் கொஞ்சம் சேத்தித் தண்ணி எறைக்குமாக்கும்?"

"எறைக்கறது மாடுங்க, பரீச்சை எழுதறது நானுங்க."

"ரெண்டும் ஒண்ணாப் போயி எழுதிட்டு வாங்க," என்று சிரித்துவிட்டுப் போனார்.

எட்டு மாதத்தில் புத்தகம் தீர்ந்தது. ஒரே ஒரு பக்கத்தைப் பசை வாசனைக்கு ஆடு தின்றுவிட்டது.

பரீச்சை அன்று பெஞ்சில் உட்கார்ந்து கேள்வித்தாளைப் பார்த்தேன். பெரும்பாலும் பார்த்த கேள்விகள். ஒன்றுக்கும் பதில் வரவில்லை. 'நோ சூனர்' என்று முதல் கேள்வியே ஆரம்பித்தது. அதற்கு மேல் என் தலைக்குள் எதுவும் இல்லை. பெஞ்சுக்கு அடியில் கால் மட்டும் தானாக அசைந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துத்தான் விஷயம் புரிந்தது. உட்கார்ந்து நான் எதையும் படிக்கவே இல்லை. எழுந்து நின்றேன்.

மேற்பார்வைக்கு வந்தவர் கோட்டும் தலைப்பாகையுமாக ஒரு குமாஸ்தா. "என்னப்பா, வயிறு செரியில்லையா?" என்றார்.

"வயிறு நல்லாத்தானுங்க இருக்குது. நடந்துட்டே எழுதோணுங்க."

கூடமே சிரித்தது.

"இதென்ன மாட்டுச் சந்தையா? உக்காரு."

"மாட்டோட நடந்துதானுங்க படிச்சேன். உக்காந்தா ஒண்ணும் வரமாட்டேங்குதுங்க."

"அப்ப வெளிய போ."

"போகமாட்டனுங்க," என்றேன். எனக்கே என் குரல் புதிதாக இருந்தது. "கேள்வித்தாள்ல ஏழு விதி போட்டிருக்குதுங்க. பேசக்கூடாது, பாத்து எழுதக்கூடாதுன்னு இருக்குது. நிக்கக்கூடாதுன்னு ஒண்ணக் காட்டுங்க, நானே போயிர்றேன்."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஏழையும் படித்தார். தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். பிறகு ஒரு சாக்குக்கட்டியை எடுத்து, பின்சுவரை ஒட்டி நீளமாக ஒரு கோடு கிழித்தார்.

"இதத் தாண்டினீனா பேப்பரப் புடுங்கிருவேன்."

பின்சுவர் ஜன்னல் திண்டில் தாளை வைத்துவிட்டு நாலு அடி முன்னால் நடந்தேன். அப்படியே திரும்பாமல் நாலு அடி பின்னால் வந்தேன். முன் பெஞ்சிலிருந்து எவனோ மாடு ஓட்டுகிற மாதிரி, "ஹை... ஹை..." என்றான். கேலிக்குத்தான் செய்தான். ஆனால் அந்தச் சத்தம் காதில் விழுந்ததும் கிணற்று மேடு கண்ணுக்கு முன்னால் வந்துவிட்டது. கல்தூண் தெரிந்தது, அதில் ஒட்டிய பக்கம் தெரிந்தது. பின்னால் வரும்போது வாயில் 'தேன்' வந்தது. எழுதினேன். அடுத்ததும் வந்தது. குமாஸ்தா அவனை முறைத்து அடக்கினார். நஷ்டம் எனக்குத்தான். நல்லவேளை, அதற்குள் காலுக்கு அந்த நடை பிடிபட்டுவிட்டது.

நாற்பத்தெட்டு பதில் எழுதினேன். மற்ற இரண்டும் ஆட்டின் வயிற்றில் இருந்தன.

பத்து நாள் கழித்துப் பலகையில் பட்டியல் ஒட்டினார்கள். கடைசிக்கு முந்தின பெயர் என்னுடையது. குமாஸ்தா அந்தப் பக்கமாகப் போனார். என்னைப் பார்த்துவிட்டு, "கால் வலி தேவலையா?" என்று மட்டும் கேட்டார்.

மறு வருடப் பரீச்சைக்கு மேஜை நாற்காலி எடுத்துப் போட, தந்தி வகுப்பில் சேர்ந்திருந்த என்னையும் அனுப்பினார்கள். கேள்வித்தாளை எடுத்துப் பார்த்தேன். எட்டாவதாக ஒரு விதி சேர்ந்திருந்தது: எழுதுகிறவர்கள் கடைசிவரை உட்கார்ந்தே இருக்க வேண்டும். எனக்குக் கோபம்தான் வந்தது. கவலை ஓட்டியோ தறி மிதித்தோ படித்துவிட்டு வருகிறவன் இனி எங்கே போவான்? அன்றிலிருந்து, பரீச்சைக்கு வழி கேட்டு வருகிற ஒவ்வொருவனையும் கடைசி ஒரு மாதம் பெஞ்சில் உட்கார்ந்து படிக்கச் சொல்கிறேன். கூடவே, யாராவது வெளியே போகச் சொன்னால் எழுதி வைத்த விதியைக் காட்டச் சொல்லிக் கேள் என்றும் சொல்கிறேன். அந்த ஒரு கேள்வியைக் கேட்கிற தைரியத்தைத்தான் நான் அந்தச் சாக்குக்கட்டிக் கோடு விழுந்த அன்று கற்றுக்கொண்டேன், இன்னும் அதை விடவில்லை.