சகலையின் முப்பத்தெட்டுக் கற்கள்

என் சகலை அடுத்த மாதம் வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறார். வழியனுப்பும் கூட்டத்தில் படிப்பதற்கு அவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரும்படி அலுவலகத்தில் என்னைக் கேட்டார்கள். "இத்தனை வருஷம் கூடவே இருந்தது நீங்கதானே" என்றார்கள். கூடவே இருந்தேன், உண்மைதான். வயிறெரிந்துகொண்டே கூட இருந்தேன் என்பது அவர்களுக்குத் தெரியாது. கூட்டத்துக்கு ஏற்ற மாதிரி நல்ல வார்த்தையாக நாலு எழுதிக் கொடுத்துவிட்டேன். அதில் எழுத முடியாததை இங்கே எழுதுகிறேன்.

அவர் என் மனைவியின் தங்கையைக் கட்டியவர். கல்யாணமான புதிதில் சலவைக் கடையில் இஸ்திரி போட்டார், தபால் பிரிக்கும் இடத்தில் மூட்டை தூக்கினார், பிறகு ஒரு ரொட்டிக் கடையில் வண்டி ஓட்டினார். எதிலும் ஒரு வருடம் தாண்டவில்லை. வேலை செய்ய மாட்டார் என்றில்லை. போகிற இடமெல்லாம் வாடிக்கையாளரைப் பிடித்து வைத்துக்கொண்டு கதை கேட்பார். ரொட்டி ஆறிப்போகும். "என் தங்கச்சி வீட்டுக்காரருக்கு ஒரு வழி பண்ணுங்களேன்" என்று என் மனைவி நச்சரித்தாள். போரில் இறந்த சிப்பாய்களின் கல்லறைகளைப் பராமரிக்கிற அலுவலகத்தில் நான் அப்போது பன்னிரண்டு வருடத் தோட்டக்காரன். என் பேச்சுக்குக் கொஞ்சம் மதிப்பிருந்தது. சொல்லிச் சேர்த்துவிட்டேன். என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன் என்பது பிறகுதான் தெரிந்தது.

காலையில் இருவரும் கொட்டகையிலிருந்து சைக்கிளில் கிளம்புவோம். கேரியரில் மண்வெட்டி, கத்தரி, வாளி. கால்வாயை ஒட்டிப் பதினொரு கிலோமீட்டர். வழியில் மூன்று நினைவுத் தூண்கள். அந்தச் சாலையில் லாரி வராது, அந்த நேரத்தில் எதிரே ஆள் வருவதே அபூர்வம். கடைசித் தூணுக்குப் பக்கத்தில் சாலை இரண்டாகப் பிரியும். நான் இடப்பக்கத்துக் கல்லறைத் தோட்டத்துக்கு, அவர் வலப்பக்கத்துத் தோட்டத்துக்கு. எனக்கு இருநூற்றுப் பன்னிரண்டு கற்கள். அவருக்கு முப்பத்தெட்டே கற்கள். அவர் சைக்கிளில் மணி உடைந்து வருடக்கணக்காயிற்று. மாற்ற மாட்டார், வளைவுகளில் விசில் அடிப்பார். அலுவலகத்தில் அவருக்குப் பெயரே விசில்தான்.

எங்கள் வேலையில் இரண்டு விஷயங்கள் முக்கியம். ஒவ்வொரு கல்லின் காலடியிலும் குட்டைச் செடி வைக்க வேண்டும். இல்லையென்றால் மழையில் சேறு தெறித்து எழுத்தில் அப்பிக்கொள்ளும். உயரமான செடியும் கூடாது, பெயரை மறைத்துவிடும். இரண்டாவது, செடிப் பாத்தியும் புல்தரையும் சேர்கிற ஓரம். முளை அடித்து, கயிறு கட்டி, அதன் மேலேயே கத்தியை இறக்கி வெட்ட வேண்டும். என் ஓரங்களைப் பார்த்துக் கயிறே கற்றுக்கொள்ளலாம். சகலை கண்ணளவிலேயே வெட்டுவார். மாடு மூத்திரம் பெய்த மாதிரி போகும்.

ஆனால் ஜனங்கள் அங்கேதான் போனார்கள்.

எப்படித் தெரியும் என்றால், ஒவ்வொரு கல்லறைத் தோட்டத்தின் வாசல் சுவரிலும் ஒரு சின்ன இரும்புக் கதவு உண்டு. உள்ளே வருகைப் புத்தகம். மாதத்துக்கு ஒரு பக்கம். வருகிறவர்கள் தேதி போட்டு ஏதாவது எழுதுவார்கள். சகலையின் புத்தகத்தில் பக்கம் போதாமல் ஓரத்தில் செங்குத்தாக எழுதியிருப்பார்கள். என் புத்தகத்தில் ஒரு வருடத்துக்குப் பதினொரு வரி. அதில் மூன்று "நல்ல மழை" என்று இருந்தது. ஒருவர் கழிப்பறை எங்கே என்று கேட்டிருந்தார்.

சனிக்கிழமைதோறும் அவர்கள் வீட்டில் சாப்பாடு, பிறகு சீட்டாட்டம். போய்வந்ததும் என் மனைவி ஆரம்பிப்பாள். "இந்த வாரம் அவர் புத்தகத்துல ஒம்பது பேராம். ஒரு அம்மா அழுதுட்டே எழுதினாங்களாம்."

"சரி."

"உங்களுதுல?"

"மழைன்னு எழுதியிருக்காங்க."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு போர்வையை மடிப்பாள். தங்கை புருஷனின் பெருமை அவளுக்கும் பெருமைதானே. எனக்குச் சோறு செரிக்காது. நான் கொண்டுவந்து விட்ட ஆள். வேலை நேரத்தில் வருகிறவர்களிடம் கதை பேசுகிறார் என்று மேற்பார்வையாளரிடம் ஒருமுறை நானே போட்டுக்கொடுத்தேன். அவரோ, "பேசட்டும், நல்லதுதான்" என்று சொல்லிவிட்டார். அன்று வந்த எரிச்சலில் மிதித்த மிதியில் என் சைக்கிள் செயினே அறுந்துபோனது.

நான் ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கும்போது அந்தச் சுற்றறிக்கை வந்தது. கால்வாய்ச் சாலை வழியாக, தூண்களையும் கல்லறைத் தோட்டங்களையும் தொட்டுக்கொண்டு, நாற்பது கிலோமீட்டர் சைக்கிள் பாதை போடப் போகிறார்களாம். அம்புக்குறிப் பலகைகள் வைத்து, வரைபடம் அச்சடித்து, ஊர் ஊராகக் கொடுப்பார்களாம். சாலை பிரிகிற இடத்தில் பாதை ஒரு பக்கம்தான் போகும். எந்தப் பக்கம் என்பதை வரைபடம் போடுகிற அம்மா நேரில் வந்து, தோட்டத்தையும் வருகைப் புத்தகத்தையும் பார்த்து முடிவு செய்வார்.

எனக்கு அது வேண்டும். அந்தப் பாதை என் பக்கம் வரவேண்டும். முப்பது வருடம் நான் வெட்டின ஓரத்தைப் பார்க்க ஒரு ஜீவன் வந்ததில்லை. இன்னும் இரண்டு வருடத்தில் கத்தரியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகப் போகிறவன். அதற்குள் நாலு பேர் சைக்கிளை நிறுத்திவிட்டு, யாரப்பா இதைச் செய்தது என்று கேட்க வேண்டும். அதுவும் அவருக்கே போனால் நான் செத்த மாதிரிதான்.

ஆகவே புத்தகத்தை நிரப்பினேன்.

ஒரு வாரம் மத்தியான இடைவேளையில் கருவி அறைக்குள் உட்கார்ந்து, ஏழு பேனாக்களை வைத்துக்கொண்டு, போன மாதம் வரைக்கும் ஒவ்வொரு பக்கத்திலும் காலியாக இருந்த இடத்தில் எழுதினேன். சாய்த்து எழுதினேன், நிமிர்த்தி எழுதினேன், இடக்கையால் எழுதினேன். ஒரு டாக்டராக இருந்தேன், கல்லூரி மாணவியாக இருந்தேன், வயதான தம்பதியாக இருந்தேன், எட்டு வயதுச் சிறுவனாகவும் இருந்தேன். மொத்தம் நாற்பத்துமூன்று பேர். எழுதி முடித்துப் படித்துப் பார்த்தபோது எனக்கே கண் கலங்கியது. உலகம் கடைசியில் என்னைப் புரிந்துகொண்டுவிட்டது போலிருந்தது. அதன் பிறகு பயத்தில் அந்த இரும்புக் கதவைத் திறக்கவே இல்லை.

புதன்கிழமை அந்த அம்மா சைக்கிளில் வந்தார். முந்தின நாளே சகலையின் தோட்டத்தைப் பார்த்துவிட்டாராம். வரிசைகளுக்கு நடுவே மெல்ல நடந்தார். ஓரங்களைப் பார்த்தாரா என்று அவர் கண் போகிற இடத்தையே பார்த்துக்கொண்டு பின்னால் போனேன். ஒன்றும் சொல்லவில்லை. வாசலுக்கு வந்து புத்தகத்தை எடுத்து, சுவரில் சாய்ந்து நின்று படித்தார். நாலைந்து பக்கம் தாண்டியதும் உதடு லேசாக வளைந்தது.

"இங்க வர்றவங்க எல்லாருமே தோட்டக்காரங்களா?" என்று கேட்டார்.

"இல்லையே மேடம். எல்லா மாதிரியும் வருவாங்க."

"டாக்டர் ஒருத்தர் எழுதியிருக்கார். 'புல்லின் ஓரம் கயிறு பிடித்தாற்போல் இருக்கிறது.' இந்தப் பொண்ணு, 'கல்லின் பின்பக்கம்கூடப் பாசி இல்லை.' இந்தப் பையனுக்கு எட்டு வயசு. 'செடிகளின் உயரம் எழுத்தை மறைக்காமல் அளவாக உள்ளது.'"

இல்லாத களையைப் பிடுங்கக் குனிந்தேன்.

"ஒரு வருஷத்துல இத்தனை பேர் வந்திருக்காங்க. இங்க படுத்திருக்கவங்களப் பத்தி ஒருத்தர்கூட ஒரு வார்த்தை எழுதலையே."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நாற்பத்துமூன்று பேராக மாறி எழுதியும், நாற்பத்துமூன்று பேரும் குனிந்து புல்லைத்தான் பார்த்திருக்கிறோம். ஒரு திருடன் இப்படி முட்டாள்தனமாக மாட்டிக்கொள்ள மாட்டான்.

"அந்தப் பக்கம் என்ன எழுதியிருக்காங்க?" என்று கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"பேக்கரிக்காரரப் பத்தி எழுதியிருக்காங்க. ரெண்டாவது வரிசையில இருக்கவரு. போருக்கு முன்னாடி ரொட்டி சுட்டவராம். பக்கத்துல ஒரு தபால்காரர், அவருக்கு நாய்னா பயமாம். அங்க வேலை பார்க்கிறவர் சொன்னாராம். குடும்பங்கள் எழுதின பழைய கடிதமெல்லாம் உங்க ஆபீஸ் அலமாரியில இருக்காமே? ஒவ்வொண்ணா எடுத்துப் படிச்சிருக்கார்."

அந்த அலமாரி எனக்குத் தெரியும். அதன் மேல்தான் முப்பது வருடமாக என் தொப்பியை வைப்பேன்.

"பாதை வலப்பக்கம்தான் போகும்" என்றார் அந்த அம்மா. பிறகு கடைசிப் பக்கத்தைத் திருப்பி என்னிடம் நீட்டினார். "இது மட்டும் நிஜமா ஒருத்தர் வந்து எழுதினதுன்னு நினைக்கிறேன்."

இந்த மாதத்துப் பக்கம். நான் தொடாத பக்கம். திங்கட்கிழமைத் தேதியில் ஒரே ஒரு பதிவு இருந்தது.

"முன்வரிசையில் ஒருவர் மண்டியிட்டு, பல் தேய்க்கும் பிரஷால் ஒவ்வொரு பெயராகக் கழுவிக்கொண்டிருந்தார். ஒரு கல் முடிந்ததும் வாளித் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேறு தண்ணீர் கொண்டுவந்தார். பெயரே இல்லாத கல்லுக்கும் அப்படியே செய்தார். ஒரு மணி நேரம் நின்றேன், அவர் திரும்பவே இல்லை. நானும் பதினெட்டு வருடமாக இதே வேலைதான் செய்கிறேன். எனக்கு இது வராது. வயிறு எரிகிறது."

கையெழுத்துப் போடவில்லை. ஆனால் இப்போதே கீழே விழப்போகிற மாதிரி சாய்ந்த அந்த எழுத்தை எனக்குத் தெரியாதா? எத்தனை சனிக்கிழமை அந்தக் கை சீட்டாட்டப் புள்ளிகளை எழுதி என்னைத் தோற்கடித்திருக்கிறது. ஒருநாளும் என் பக்கம் எட்டிப் பார்க்காத மனுஷன், பாதை யாருக்குப் போகுமோ என்ற பயத்தில் என்னை வேவு பார்க்க வந்திருக்கிறார். வந்த இடத்தில் விசில்கூட அடிக்காமல் நின்றிருக்கிறார்.

"யாருன்னு தெரியுமா?" என்றார் அந்த அம்மா.

"தெரியாது" என்றேன்.

அவர் என்னைப் பற்றி அலுவலகத்தில் ஒன்றும் சொல்லவில்லை. புத்தகத்தை அதன் இடத்தில் வைத்து, கதவை மூடிவிட்டுப் போனார்.

இரண்டு மாதத்தில் பலகைகள் வந்தன. தூணுக்குப் பக்கத்தில் ஒரு பச்சை அம்புக்குறி, வலப்பக்கம் காட்டிக்கொண்டு நின்றது. தினமும் அதன் வால்பக்கமாக இடப்புறம் திரும்பிப் போவேன். கூட்டம் கூட்டமாக சைக்கிள்கள் அந்தப் பக்கம் போகும். பொறாமை குறைந்தது என்று நான் சொன்னால் நம்பாதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த அம்புக்குறியைக் கையால் அசைத்துப் பார்த்தேன். நன்றாகத்தான் ஊன்றியிருந்தார்கள்.

ஒரு மத்தியானம் நானும் வலப்பக்கம் திரும்பினேன். பதினெட்டு வருடத்தில் முதல் தடவை. சகலை கோடியில் ஒரு கல்லுக்குப் பக்கத்தில் நின்று, ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிய இரண்டு பேரிடம் கையை ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தார். நாய்க்குப் பயந்த தபால்காரரின் கதையாக இருக்க வேண்டும், அவர்கள் சிரித்தார்கள். பிறகு மூவரும் குனிந்து அந்தக் கல்லில் இருந்த பெயரைப் பார்த்தார்கள். நான் கூப்பிடவில்லை. இரண்டாவது வரிசையில் ரொட்டி சுட்டவரைத் தேடி, கொஞ்ச நேரம் நின்றேன். அவருக்கு இருபத்திரண்டு வயது. எழுத்தின் இடுக்கில் அழுக்கு இருந்தது, நகத்தால் கொஞ்சம் எடுத்துவிட்டேன். வாசலுக்கு வந்து இரும்புக் கதவைத் திறந்தேன். இடக்கையால் எழுதவில்லை, என் கையாலேயே எழுதினேன்.

"பேக்கரிக்காரரைத் தெரிந்துகொண்டு போகிறேன். ஓரம் ஒரு விரல் கோணல். மற்றபடி வயிறு எரிகிறது."

அந்தச் சனிக்கிழமை சகலை சீட்டைக் கலைத்துக்கொண்டே இருந்தார். போடவில்லை. என் மனைவியும் அவள் தங்கையும் உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

"சகலை" என்றார், தலையைத் தூக்காமல். "உங்க கயிறு ஒரு நாளைக்குக் கிடைக்குமா?"

"தர்றேன்" என்றேன். "அந்தக் கடித அலமாரி சாவி யார்கிட்ட இருக்கு?"

"என்கிட்டதான்."

என்னிடம் இரண்டு கயிறுகள் இருந்தன. ஒன்று நல்லது, ஒன்று இற்றுப்போனது. எதைக் கொடுப்பது என்று வீடு வந்து சேரும்வரை யோசித்தேன். நல்லதைத்தான் கொடுத்தேன். வயிறெரிந்துகொண்டேதான் கொடுத்தேன்.